துவைக்கிற நாளிலிருந்து எண்ணு

அன்புள்ள தம்பிக்கு,

அலமாரி பிதுங்குகிறது, ஆனால் காலையில் எடுத்துப் போட ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். முன்னதால்தான் பின்னது வந்திருக்கிறது. ஒன்றோடொன்று சேராத 40 துணிக்கு நடுவே, சேருகிற பத்து கண்ணில் படாமல் கிடக்கும். அதனால் இப்போதைக்கு எதையும் வாங்காதே. முதலில் எண்ணு.

ஒருவருக்கு 33 உருப்படி போதும் என்று ஒரு கணக்கு உலவுகிறது. அதைச் சொன்னவர் வாரத்துக்கு எத்தனை முறை துவைக்கிறார் என்று உனக்குத் தெரியுமா? உன் எண்ணிக்கையை உன் சலவைதான் முடிவு செய்யும். வாரம் ஒருமுறை துவைக்கிறாய் என்றால் நாளுக்கு ஒன்றாகச் சட்டை ஏழு, துவைத்த அன்று கொடியில் தொங்குவதற்கு ஈடாக ஒன்று, கறை பட்டால் மாற்ற ஒன்று, ஆக ஒன்பது. வாரம் இருமுறை துவைத்தால் நாலும் இரண்டும் ஆறு. கூட ஒரு நாள் துவைத்தால் மூன்று சட்டை மிச்சம். பேன்ட்டை இரண்டு மூன்று முறை போடலாம் என்பதால் நான்கு போதும்; மூன்று சுழற்சியில் இருக்கும், ஒன்று துவைப்பில் இருக்கும். உள்ளாடை மட்டும் துவைக்கும் இடைவெளியைவிட மூன்று கூடுதலாக இருக்கட்டும். சாக்ஸ் எல்லாவற்றையும் ஒரே நிறத்தில், ஒரே மாதிரியாக வாங்கு. ஒன்றில் ஓட்டை விழுந்தால் அந்த ஒன்று மட்டும்தான் போகும், ஜோடி வீணாகாது.

இனி பெருக்கல். ஆறு சட்டையும் நான்கு பேன்ட்டோடும் சேர்ந்தால் 24 விதம். எல்லாவற்றின் மேலும் போடக்கூடிய ஒரு ஜாக்கெட் வந்தால் அது 48 ஆகிவிடும். (இது புது யோசனை இல்லை. டோனா கேரன் என்ற அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் 1985-ல் தன் பெயரில் கொண்டுவந்த முதல் தொகுப்பே, ஏழு உருப்படியை மாற்றி மாற்றிச் சேர்த்துப் போடுவது என்பதில்தான் நின்றது.) நான்கோடும் சேரும் ஒரு சட்டை கூடினால் நான்கு விதம் கூடும். ஒரே ஒரு பேன்ட்டுக்கு மட்டும் பொருந்தும் பூப்போட்ட சட்டை ஒரு விதத்தைத்தான் கூட்டும், தொங்க எடுத்துக்கொள்ளும் இடம் மட்டும் அதே அளவு. பேன்ட் தப்பானால் நட்டம் இன்னும் பெரிது, ஆறு விதம் ஒரேயடியாகப் போகும். அதனால் பேன்ட் நான்கும் வெற்று நிறத்தில், கோடும் கட்டமும் இல்லாமல் இருக்கட்டும். உன் ஆசைகளைச் சட்டையில் வைத்துக்கொள். புதிதாக ஒன்றைக் கையில் எடுத்ததும், வீட்டில் இருக்கும் எந்த மூன்றோடு இதைப் போடுவேன் என்று அங்கேயே சொல்லிப் பார். சொல்ல வரவில்லையா, திரும்ப மாட்டிவிட்டு வந்துவிடு.

நிறத்தில் அடர்த்தியானது இரண்டு, வெளிர் ஒன்று, பிடித்தமானது இரண்டு. இதற்கு மேல் போனால் பெருக்கல் உடையும். அடர்த்திக்குக் கருநீலமும் கரிச்சாம்பலும் நல்லது. கறுப்பை எளிது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேறு வேறு சமயத்தில் வாங்கிய கறுப்புகள் ஒத்துப்போகாது. பத்து முறை துவைத்ததும் ஒன்று செம்பழுப்பு அடிக்கும், இன்னொன்று நீலம் அடிக்கும். முழுக்க வேறான இரண்டு நிறம் உறுத்தாது, ஏறக்குறைய ஒத்துப்போவதுதான் உறுத்தும். ஒரே விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணி வெயிலில் வேறாகத் தெரிவதும் உண்டு, ஏனென்றால் சாயம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெளிச்சத்துக்கு ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். வாசல்வரை எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்.

அளவைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் போடாமல் கிடக்கும் துணிகளில் பெரும்பாலானவை நிறத்தால் கிடப்பதில்லை, அளவால் கிடக்கின்றன. சட்டையில் முதலில் தோளைப் பார். தோள் தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். ஒரு விரல் இறங்கினாலும் வேண்டாம். அதைத் திருத்தக் கையைப் பிரித்துத் திரும்ப வெட்ட வேண்டும், அந்த வேலைக்குப் புதுச்சட்டையே தைத்துவிடலாம். இடுப்புப் பக்கம் தொளதொளப்பாக இருந்தால் பரவாயில்லை, பக்கத் தையலில் பிடித்துக்கொள்ளலாம். அடுத்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கு. அக்குள் இறக்கமாக இருந்தால் வசதி என்றுதான் தோன்றும். உண்மையில் அதுதான் தொல்லை. அக்குள் இறங்கியிருந்தால் கையோடு சேர்ந்து சட்டை முழுவதும் மேலேறி, பேன்ட்டுக்குள்ளிருந்து வெளியே வந்துவிடும். பிறகு உட்கார்ந்து பார். பட்டனைச் சுற்றிப் பெருக்கல் குறிபோல இழுப்பு விழுந்தால் மார்பு இறுக்கம். காலர் பட்டனைப் போட்டபின் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

பேன்ட்டில் திருத்த முடியாதது கவுட்டிக்கும் இடுப்புப் பட்டிக்கும் இடைப்பட்ட உயரம். நிற்கும்போது சரியாக இருந்து, உட்காரும்போது பின்பக்கம் கீழே இறங்கினால் அந்த உயரம் உனக்குப் போதவில்லை என்று அர்த்தம். எந்தத் தையல்காரராலும் அதைக் கூட்டித் தர முடியாது. இடுப்பைக் குறைக்கலாம், ஆனால் சுற்றளவில் 5 சென்டிமீட்டருக்கு மேல் பிடித்தால் பின்பாக்கெட் இரண்டும் நெருங்கி வந்து அசிங்கமாகத் தெரியும். பெரிதாக்க முடியுமா என்று தெரிய வேண்டுமானால் உட்புறத்தைப் புரட்டிப் பார். பின்தையலில் 2 சென்டிமீட்டர் துணி விட்டிருந்தால் உனக்கு எடை கூடினாலும் அந்தப் பேன்ட் பிழைக்கும். ஓட்ட வெட்டி விளிம்பில் ஓவர்லாக் தையல் அடித்திருந்தால் சிறிதாக்க மட்டுமே முடியும்.

நீளத்தை வெட்டி மடித்துத் தைக்கும் முன் ஒருமுறை துவைத்துவிடு. பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். பருத்தி, முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று சுருங்கினால் ஒரு மீட்டர் நீளமுள்ள பேன்ட் 3 சென்டிமீட்டர் மேலேறும், கணுக்கால் தெரியும். 1930-ல் சான்ஃபோர்ட் க்ளூயெட் காப்புரிமை பெற்ற, துணியை முன்கூட்டியே சுருக்கிவிடும் முறையில்தான் ‘சான்ஃபரைஸ்டு’ என்ற முத்திரை வந்தது. அந்தப் பதப்படுத்தல் நடந்த துணி பெரிதாகச் சுருங்காது. நடந்ததா என்று தெரியாதபோது துவைத்துப் பார்ப்பதுதான் வழி.

துணி எது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. காற்றிலிருந்து இழை எவ்வளவு ஈரம் பிடித்து வைக்கும் என்பதை நூல் வியாபாரத்தில் சதவீதமாகக் குறிப்பார்கள். பருத்திக்கு 8.5, லினனுக்கு 12, கம்பளிக்கு 16-ஐ ஒட்டி, பாலியஸ்டருக்கு 0.4. வெறும் பாலியஸ்டர் சட்டை ஏன் மதியத்துக்குள் பிசுபிசுக்கிறது என்று இதிலிருந்தே புரியும். கலப்பு எல்லாம் கெடுதல் என்று சொல்லவில்லை. கசங்காது, சீக்கிரம் காயும். ஆனால் கலப்புத் துணியில் எழும் உருண்டைப் பிசிறு போகவே போகாது. பருத்தியிலும் பிசிறு எழும், இழை பலவீனமானதால் தானாக உதிரும். பாலியஸ்டர் இழை வலுவானது, உருண்டையை விடாமல் பிடித்துக்கொள்ளும். நீட்சிக்குச் சேர்க்கும் எலாஸ்டேன் நூற்றுக்கு ஒன்றிரண்டு போதும். சூடான டிரையரில் போட்டால் அதன் இழுவிசை சீக்கிரமே செத்துவிடும்.

கனத்தையும் பார். டி-ஷர்ட் 160-லிருந்து 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) இருந்தால் நாள்படும். துணிக்குப் பின்னால் கையை விரித்துப் பிடி, விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் அது உள்ளே போடத்தான் லாயக்கு. ஒரு மூலையை உள்ளங்கையில் பத்து நொடி கசக்கிவிடு. அப்போது விழும் சுருக்கம்தான் நாளெல்லாம் உன் முதுகில் இருக்கும். காஜாவைப் புரட்டிப் பார், நூல் நெருக்கமாக இல்லாமல் இடையில் துணி தெரிந்தால் ஆறு மாதத்தில் பிரியும். பேன்ட் பாக்கெட்டின் மூலைகளில் குறுக்கே அடர்த்தியாக ஒரு கட்டுத்தையல் போட்டிருக்கிறதா என்பதும் முக்கியம், கையை விட்டு எடுக்கும்போது முதலில் கிழிவது அங்கேதான்.

இருப்பதைப் பிரிக்க ஒரு எளிய வழி சொல்கிறேன். எல்லா ஹேங்கரின் கொக்கியையும் எதிர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டு. ஒன்றைப் போட்டுத் துவைத்துத் திரும்ப மாட்டும்போது மட்டும் நேராக்கு. மூன்று மாதம் கழித்து எதிர்ப்பக்கமாகவே இருப்பவற்றை ஒரு பெட்டியில் போட்டுக் கண்மறைவாக வை. பருவத்துக்குரியதையும் விசேஷத்துக்குரியதையும் இதில் சேர்க்காதே. பட்டன் போனது, ஜிப் கெட்டது தனியாக ஒரு குவியல். இரண்டு வாரத்துக்குள் தைக்கவில்லை என்றால் இனித் தைக்கமாட்டாய், கொடுத்துவிடு. மெலிந்ததும் போடலாம் என்று ஒரு பேன்ட்டை வைத்திருப்பாய். ஒன்று இருக்கட்டும், ஐந்து வேண்டாம்.

குறைவான துணி வைத்திருப்பவன் ஒவ்வொன்றையும் அடிக்கடி துவைப்பான், அதனால் துவைப்பதில் கவனம் கூடுதலாக வேண்டும். அடர் நிறத்தை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் குளிர்ந்த தண்ணீரில் போடு. கோட்டும் பேன்ட்டும் ஒரே துணி என்றால் எப்போதும் சேர்த்தே சலவைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று மட்டும் வெளுக்கும். இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் இருக்கும் புள்ளி ஒன்றென்றால் 110 டிகிரி, இரண்டென்றால் 150, மூன்றென்றால் 200 வரை தாங்கும். பட்டிலும் கம்பளியிலும் குளோரின் பிளீச் படவே கூடாது, இழையையே அரித்துவிடும். பின்னல் துணியை ஹேங்கரில் மாட்டினால் தோளில் முட்டு விழும், மடித்து வை. கஞ்சி போட்டதைத் துவைக்காமல் பல மாதம் உள்ளே வைக்காதே, வெள்ளிப்பூச்சிக்கு மாவுச்சத்து பிடிக்கும். வியர்வை பட்ட கம்பளியும் அப்படித்தான், அந்துப்பூச்சியின் புழு அதைத்தான் தேடி வரும். தோல் செருப்போ ஷூவோ ஒரே ஜோடியைத் தினமும் போடாமல் இரண்டை மாற்றி மாற்றிப் போடு, உள்ளே இறங்கிய வியர்வை காய ஒரு நாள் வேண்டும்.

வாங்கும்போது பேன்ட் இரண்டில் தொடங்கு. அதைத் துவைத்து, நீளம் சரிசெய்து, ஒரு மாதம் போட்ட பிறகு சட்டைகள். ஜாக்கெட் கடைசியில். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கினால் ஒரே தப்பு பத்துத் துணியிலும் இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். உனக்குக் கச்சிதமாக இருக்கும் சட்டை ஒன்றைக் கட்டிலில் சுருக்கமில்லாமல் விரித்துப் போட்டு, தோள் தையலிலிருந்து தோள் தையல், அக்குளிலிருந்து அக்குள், கையின் நீளம், காலருக்குக் கீழிருந்து முதுகின் நீளம் ஆகிய நான்கையும் டேப்பால் அளந்து எழுதிக்கொள். பேன்ட்டில் இடுப்பு, கவுட்டி உயரம், தொடை, நீளம். எட்டு எண்களையும் எனக்கும் அனுப்பு, ‘மீடியம்’ என்று மட்டும் எழுதாதே.

அன்புடன்,
அம்மா