பகல் வீட்டுக்குக் கை கொடுங்கள்

அன்புடையீர், வணக்கம். மறதி நோய் வந்த பெரியவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ள நம் காலனியில் பகல் வீடு ஒன்று அமைக்கிறோம், அதற்கு உதவி கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம் காலனியில் இருக்கிறார். ஓய்வு பெற்று 19 வருஷம் ஆகிறது. ஆனாலும் சில நாள் விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிடுகிறார். போன ஐப்பசி மழையில் பணிமனை கேட் பக்கம் நனைந்தபடி நின்றவரை ஒரு டீக்கடைக்காரர்தான் அடையாளம் கண்டு வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது அவருக்கு நினைவில்லை. அந்தக் காலத்தில் பக்கத்து லேத்தில் நின்றவரின் டோக்கன் நம்பரை மட்டும் தட்டாமல் சொல்கிறார்.

"வயசானா அப்படித்தான்" என்று நாம் எல்லோருமே சொன்னோம். அப்படி இல்லை, இது அல்சைமர் நோய். 1901-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அகஸ்ட் டீட்டர் என்ற பெண்மணிக்கு வயது 51தான். அங்கே அவரைக் கவனித்த டாக்டர் அலாய்ஸ் அல்சைமர், 1906-இல் அவர் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நரம்புச் செல்களுக்கு வெளியே கசடு படிந்திருந்தது. உள்ளே நார்கள் முறுக்கிக் கிடந்தன. கசடு அமிலாய்டு, நார் டவ், இரண்டும் புரதங்களே என்பது பின்னாளில் தெரிந்தது. புது நினைவுகளைப் பதியவைக்கும் பகுதி பெரும்பாலும் முதலிலேயே அடிபடுகிறது. அதனால்தான் டோக்கன் நம்பர் நிற்கிறது, காலை இட்லி நிற்பதில்லை. "இப்பத்தானே சொன்னேன்!" என்று அவர்களிடம் கத்துவதில் அர்த்தமே இல்லை. எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் பெற்ற தாயோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகுதான் இதைப் புரிந்துகொண்டோம்.

எல்லா மறதியும் அல்சைமர் ஆகிவிடாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும், அவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஆகவே முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அல்சைமரை அடியோடு குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. டோனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சில காலம் கை கொடுக்கும், அவ்வளவே. வாட்ஸ்அப்பில் வரும் லேகியத்துக்குப் பணம் அனுப்பிவிட்டு எங்களிடம் வந்து வருத்தப்படாதீர்கள்.

நாங்கள் கேட்கும் பணம் மருந்துக்கு அல்ல. வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆள் மாற்றுவதற்கு. ராத்திரி தூங்காத மாமியாரைப் பகலிலும் பார்த்துக்கொள்ளும் மருமகள் ரேஷன் கடைக்குக்கூடக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் போகிறாள். அவளுக்கு ஒரு நாளில் ஏழு மணி நேரமாவது கிடைக்கட்டும் என்றுதான் பூட்டிக் கிடக்கும் நம் படிப்பகத்தைப் பகல் வீடாக மாற்றுகிறோம். திங்கள் முதல் சனி வரை, காலை 9 முதல் மாலை 4 வரை, 12 பேருக்கு இடம். பொழுது சாயும் நேரத்தில் பலருக்கும் தவிப்பு கூடும் என்பதால் அதற்கு முன்பே வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவோம். கீரை ஆய்வது, பூத் தொடுப்பது, தாயம் உருட்டுவது என்று பொழுது போகும். பேர் மறந்தவர்களுக்கும் கை பழகிய வேலை நெடுநாள் மறப்பதில்லை. வாசலில் கறுப்பு மிதியடி போட மாட்டோம், அதைப் பள்ளம் என்று நினைத்துக் காலெடுத்து வைக்கப் பயப்படுகிறவர்கள் உண்டு.

செலவைச் சொல்லிவிடுகிறோம். உட்காரும் கழிப்பறை, கைப்பிடிகள், வழுக்காத தரைக்கு 1,40,000 ரூபாய். சுற்று வேலிக்கும் கேட்டுக்கும் 60,000. பராமரிக்கும் பெண்கள் இருவருக்கு மாதம் 12,000 வீதம் ஒரு வருஷச் சம்பளம் 2,88,000. ஆட்டோவுக்கு வருஷத்துக்கு 72,000. ஆக மொத்தம் 5,60,000. இதுவரை சேர்ந்தது 1,85,000. மீதி 3,75,000 ரூபாய்க்குத்தான் உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறோம். மதியச் சாப்பாடு அவரவர் வீட்டுத் தூக்குவாளியில் வந்துவிடும், அதற்குக் காசு வேண்டாம்.

நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. வரவு செலவு நோட்டு சங்க அலுவலக மேஜையிலேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். பணம் முடியாதவர்கள் வாரத்தில் ஒரு மதியம் வந்து பகல் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் போதும். ஒரே கதையைப் பத்து முறை கேட்கும் பொறுமை மட்டும் இருக்கட்டும். கொத்தனார், பிளம்பர் வேலை தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை படிப்பகத்துக்கு வாருங்கள், கைப்பிடி பொருத்த ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
பகல் வீடு அமைப்புக் குழு