மணமேடையில் மைக் பிடிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருமணங்களில் வாழ்த்துரை வழங்கும் தலைவர்களுக்கு, வணக்கம்.

நீங்கள் எந்தக் கட்சி என்பது இந்த மடலுக்கு முக்கியமில்லை. முகூர்த்த நாளில் வடபழனி தொடங்கி தாம்பரம் வரை ஏதாவதொரு மண்டபத்தில் உங்களில் ஒருவர் பேசிக்கொண்டிருப்பீர்கள். தாலி ஏறியாகிவிட்டது, பந்தி இன்னும் போடவில்லை, மணமக்கள் வேர்த்து வழிய நிற்கிறார்கள். அந்த இடைவெளியில் வரும் அறிவுரையின் கடைசிப் பகுதி எப்போதும் குழந்தை. முன்பெல்லாம் "அளவோடு பெறுங்கள்" என்றீர்கள். இப்போது "சீக்கிரம் பெறுங்கள், கூடவே பெறுங்கள்" என்கிறீர்கள். இரண்டுக்கும் கூட்டம் கைதட்டியது. கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் பெறுவதா, எப்போது பெறுவது, பெறத்தான் வேண்டுமா என்று முடிவுக்கு வராத என்னைப் போன்றவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

2024 அக்டோபரில் அறநிலையத் துறை சென்னையில் 31 இணைகளுக்குத் திருமணம் நடத்திவைத்தது. அந்த மேடையில் அப்போது முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின், நாடாளுமன்றத் தொகுதிகள் குறையும் நிலை வரும்போது பதினாறு பிள்ளைகள் பெற்றால் என்ன என்று எண்ணத் தோன்றுகிறது என்ற பொருளில், பாதி விளையாட்டாகப் பேசினார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு திருமணத்தில், உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லவேண்டிய நிலை வந்துவிட்டது என்றார். ஆந்திராவில் சந்திரபாபு நாயுடுவும் இதே ராகம்தான்.

இதற்குப் பின்னால் இருக்கும் வருத்தம் நியாயமானது. மக்கள்தொகையை வைத்துத்தான் மாநிலங்களுக்கு எம்.பி. இடங்களைப் பிரிக்கிறார்கள். 1962-ல் 41 எம்.பி.க்களை அனுப்பிய மாநிலம் 1967-ல் 39 பேரைத்தான் அனுப்ப முடிந்தது. அந்த 39 அப்படியே நிற்கிறது. மாநிலங்களுக்கான இடப் பங்கீட்டை 1971 கணக்கெடுப்பின்படி நிறுத்திவைத்தது 1976-ன் அரசியல் சட்டத் திருத்தம். அந்தக் கெடுவை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்தவனுக்குத் தண்டனையா என்று நீங்கள் கேட்டால் நானும் சேர்ந்து கேட்பேன். ஆனால் டெல்லியில் கேட்க வேண்டிய கணக்கை மணப்பெண்ணின் மடியில் இறக்கி வைப்பது என்ன நியாயம்?

நீங்கள் நிற்கும் அந்த மேடைக்கே ஒரு வரலாறு உண்டு. சடங்கில்லாத திருமணத்தில் மந்திரத்துக்குப் பதில் உரை வந்தது. 1967-ல் அண்ணா ஆட்சி அந்தத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பும் வாங்கித் தந்தது. கருத்தடை என்று வாய்திறக்கவே ஊர் கூசிய காலத்தில் பெரியார் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். தாயின் உடல்நலம், நாட்டின் வறுமை, சொத்து சிதறாமல் இருப்பது என்று மற்றவர்கள் காரணம் சொன்னபோது, தன் காரணம் அதெல்லாம் இல்லை, பெண் விடுதலை பெற வேண்டும் என்பதுதான் என்றார். அந்தக் காரணத்தைத்தான் நாம் வழியில் தொலைத்துவிட்டோம். "நாம் இருவர் நமக்கு இருவர்" சுவர்தோறும் வந்தது. ஆனால் யார் உடம்பில் வந்தது? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கருத்தடை அறுவை செய்துகொண்ட மனைவிகள் ஏறக்குறைய 38 விழுக்காடு. கணவன்மார்களின் அறுவையை நம்பியிருந்த தம்பதிகள் 0.3 விழுக்காடு. அன்று குறை என்றதும் நாட்டின் கணக்குக்காக, இன்று கூட்டு என்பதும் நாட்டின் கணக்குக்காக. பெற்றுக்கொள்ளப் போகிறவளுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி இரண்டு தடவையும் வரவில்லை.

அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் கருவுறுதல் விகிதம் 1.8. ஒருத்தி சராசரியாக இரண்டு பிள்ளைகூடப் பெறவில்லை என்று பொருள். இது சோம்பலாலோ சுயநலத்தாலோ வந்தது என்று நினைக்கிறீர்களா? எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் பேச்சைச் சொல்கிறேன். என் கணவர் வேளச்சேரி வீட்டு வாடகையையும் எங்கள் இருவர் சம்பளத்தையும் கூட்டிக் கழித்துவிட்டு, "காசு கூட சமாளிச்சிரலாம். யாரு பாத்துப்பா?" என்பார். அத்தனை பேச்சும் அந்த இடத்தில் வந்து நின்றுவிடும்.

சென்னையில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் புழக்கத்தில் இருக்கிறது: அம்மா. மதுரையிலிருந்தோ தென்காசியிலிருந்தோ பெட்டியோடு வந்து இறங்குவார்கள். ஆறு மாதம் பெண்ணின் அம்மா, ஆறு மாதம் பையனின் அம்மா. மேடவாக்கத்தில் நாலாவது மாடி, அக்கம்பக்கத்தில் பேச ஆளில்லை, டி.வி.யும் பேரனும்தான். ஊரில் அப்பா மெஸ் சாப்பாட்டில் காலம் தள்ளிக்கொண்டிருப்பார். முட்டிவலி, சர்க்கரை எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிடும், டாக்டர் மட்டும் அங்கே. ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலை முழுக்க இந்தப் பாட்டிகளின் சம்பளமில்லாத வேலையில்தான் ஓடுகிறது என்று நான் அடிக்கடி சொல்வேன். அலுவலகத்தில் இதுவரை யாரும் மறுத்ததில்லை. என் அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியாது. என் அத்தை, அதாவது கணவரின் அம்மா, இன்னும் வேலைக்குப் போகிறார், போக விரும்புகிறார். அவரை நிறுத்தச் சொல்லும் உரிமை எனக்கு எங்கிருந்து வரும்?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. சில பெரிய நிறுவனங்களில் உண்மையிலேயே நல்ல காப்பகம் உண்டு. மற்ற பல இடங்களில் பக்கத்துத் தெரு பிளே ஸ்கூலோடு ஓர் ஒப்பந்தம், சாயங்காலத்தோடு பூட்டிவிடுவார்கள். எங்கள் மீட்டிங்கோ அமெரிக்காவில் விடியும்போது தொடங்கும். தமிழக அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு, மகிழ்ச்சி, பாராட்டுகிறேன். எங்கள் அடுக்ககத்துக்குப் பெரும்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுவேலைக்கு வரும் பெண்ணுக்கு? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் 18,000 ரூபாய், பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகத் தவணைகளில் வரும். விடுப்பு என்பதே அவளுக்குக் கிடையாது. தி.நகர் கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்கள் உட்கார நாற்காலி வேண்டும் என்பதற்கே 2021-ல் தனியாக ஒரு சட்டத்திருத்தம் தேவைப்பட்டது. வயிற்றுப் பிள்ளையோடு நின்றவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

அப்பாவுக்கு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். தனியார் நிறுவனத்தில் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது, முதலாளி மனம் வைத்தால் உண்டு. உங்கள் முன்னால் மாலையோடு நிற்கும் மாப்பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் நிலை இதுதான். அவர்களைப் பார்த்து நீங்கள் "உடனே" என்கிறீர்கள்.

வயசைப் பற்றியும் பேசிவிடலாம். "முப்பதத் தாண்டிட்டா கஷ்டம்மா" என்பார் என் அத்தை. அதில் அறிவியல் இல்லாமல் இல்லை. முப்பத்தைந்துக்குப் பிறகு கருத்தரிக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது, கருச்சிதைவு கூடுகிறது. நகரத்து மேம்பாலங்களில் கொழுகொழு குழந்தையோடு நிற்கும் கருத்தரிப்பு மையப் பலகைகள் இதைச் சொல்வதில்லை. எப்போது வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தைத்தான் அவை விற்கின்றன. சோதனைக்குழாய் சிகிச்சை இழந்த வயதைத் திருப்பித் தராது. ஆனால் குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கத்துக் காரணமும் உண்டு. மேடையில் யாராவது மாப்பிள்ளையைப் பார்த்து "சிகரெட்டை விடுப்பா, ஒரு பரிசோதனை செஞ்சுக்கோ" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேனா? அறிவுரை சொல்லியே தீர வேண்டும் என்றால், ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு குழந்தையின் முதுகுத்தண்டாவது காப்பாற்றப்படும்.

கூட்டத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அண்மையில் ஒரு கல்யாணத்தில் என் பெரியம்மா மகள் என் பக்கத்தில் இருந்தாள். சிகிச்சை கைகொடுக்காமல் போனவள். பிள்ளைச் செல்வம் பற்றிய பேச்சு தொடங்கியதும் "நான் முதல் பந்தியில உக்காந்துடறேன்டி" என்று எழுந்து போய்விட்டாள். இலை இன்னும் போட்டிருக்கவில்லை. அவளைத் தவிர, பிள்ளை வேண்டாம் என்று நன்றாக யோசித்தே முடிவெடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏதோ குறை இருக்கிறது, சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்று ஊர் நினைத்துக்கொள்கிறது. சட்டம் அனுமதிக்கும் கருக்கலைப்புக்கு வயதுவந்த பெண்ணின் ஒப்புதல் போதும், கணவன் கையெழுத்து தேவையில்லை என்பதுதான் 1971 சட்டத்தின் நிலை. பெண்ணின் ஒப்புதல்தான் முக்கியம் என்று சட்டம் எழுதி அரைநூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, மண்டபம்தான் இன்னும் பின்னால் நிற்கிறது.

வரும் தையில் என் நாத்தனாருக்குத் திருமணம். மாமனாரின் கட்சிப் பழக்கத்தில் உங்களில் ஒருவர் கட்டாயம் வருவீர்கள். வாருங்கள், வாழ்த்துங்கள், தமிழ்ப் பெயர் வைக்கச் சொல்லுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. எத்தனை, எப்போது என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில், உங்கள் வட்டத்தில் 50 பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் நிறுவனங்களில் எத்தனையில் காப்பகம் இயங்குகிறது, தனியார் வேலையிலிருக்கும் அப்பாவுக்குச் சட்டப்படி விடுப்பு கேட்டு உங்கள் கட்சி சட்டமன்றத்தில் எப்போது பேசப்போகிறது என்று சொல்லுங்கள். முன்வரிசையில் இருப்பேன், குறித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேளச்சேரி வாக்காளர் ஒருத்தி