கூலியைச் சேர்த்து விலை சொல்

கண்ணு,

வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் துணித்துண்டுகளைச் சேர்த்து க்வில்ட் போர்வை தைக்கப்போவதாக நீ சொன்னதிலிருந்து அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ சொன்ன க்வில்ட் கலைஞர் கரோலின் மஸ்லூமி என்ற அம்மையாரைப் பற்றித் தையல் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் படித்தேன். அமெரிக்காவில் சின்சினாட்டிக்குப் பக்கத்தில் வெஸ்ட் செஸ்டரில்தான் இருக்கிறாராமே!

விமானத் துறை எஞ்சினியர். தையல் கற்கப் போன இடத்தில் கறுப்பினப் பெண் அவர் ஒருவர்தான். தன் இனத்தவர் வேறு யாரும் தைப்பதில்லையா என்று க்வில்ட் பத்திரிகை ஒன்றில் விளம்பரம் கொடுத்தார். இரண்டு கை விரல்களுக்குள் அடங்கும் அளவே பதில் வந்தது. 1985இல் அவர்களை வைத்துத் தொடங்கிய 'விமன் ஆஃப் கலர் க்வில்டர்ஸ் நெட்வொர்க்' என்ற அமைப்பு, பிறகு ஆயிரம் பேரைத் தாண்டியது.

கண்காட்சி அமைப்பதிலும் பலரைச் சேர்ப்பதுதான் அவர் வழி. தைப்பவர்களுக்கு ஆளுக்கொரு சரித்திரச் சம்பவம் கொடுப்பார். 1619இல் வர்ஜீனியாவில் அடிமைப்படுத்திக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களை இறக்கியதிலிருந்து தங்கள் சரித்திரத்தைத் துணியில் தைத்து வரிசையாக மாட்டினார்கள். 2020இல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட பிறகு, அது நடந்த மினியாபொலிஸ் நகரிலேயே கண்காட்சிகள் வைத்தார்.

தையல்காரியான எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகப் பட்டது வேறு. தைத்ததற்கு என்ன விலை கேட்கலாம், அதன் மதிப்பென்ன என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அது ஏன் வேண்டும் என்பதற்கு ஹாரியட் பவர்ஸ் என்பவரின் கதை போதும். ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்ததை 1886இல் பருத்திக் கண்காட்சியில் வைத்தார். கேட்டவருக்கு அப்போது விற்கவில்லை. பின்னால் கஷ்டம் வந்து, பத்து டாலர் கேட்டு, ஐந்துக்குக் கொடுத்தார். அதைப் பார்க்க வாங்கியவர் வீட்டுக்கே போய் வருவாராம். இப்போது அது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

நீ என்னவென்றால் போன தீபாவளிக்கு ஒன்றைத் துணிக்காசுக்கே கொடுத்திருக்கிறாய். இனி உன் கைக்கூலியைச் சேர்த்துச் சொல். வாங்காவிட்டால் போகட்டும்.

இன்னொன்று. அவர்கள் பட்ட பாட்டை அவர்கள் தைக்கிறார்கள். நீ போய்ப் பார், நூலோட்டும் முறையைக் கற்றுக்கொள், படத்தை எடுத்து உன் துணியில் வைத்துவிடாதே. வேலையை விடும் முன் உன் பக்கத்தில் தைக்கிற நாலு பேரையாவது தேடு. கிடைத்தார்களா என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.

அம்மா