ஊட்டி வேண்டாம், புதுக்கோட்டைப் பக்கம் போவோம்

அன்புத் தங்கைக்கு,

பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் தஞ்சாவூர் வந்து, இங்கிருந்து எல்லோருமாக ஊட்டிக்குக் கிளம்பலாம் என்று சொல்லியிருந்தாய். எனக்கு மனம் ஒப்பவில்லை. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் காரில் போக இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்றமே தலையிட்டு உத்தரவு போடும் அளவுக்கு அங்கே கூட்டம். முன்னால் நிற்கும் வண்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவா சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் வருகிறீர்கள்?

நம் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஊர்களைப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. அதுதான் என் குறை. மாப்பிள்ளையிடம் சொல், காரை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைப் பக்கம் போவோம்.

வெயிலைத்தானே நினைக்கிறாய்? அதை அனுசரித்துத்தான் திட்டம் போட்டிருக்கிறேன். விடிகாலை ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும். முதலில் நார்த்தாமலை. பாறை சுடுவதற்குள் மேலமலை ஏறினால் விஜயாலய சோழீஸ்வரம் என்ற சிவன் கோயில். கருவறை உள்ளே வட்டம், வெளிச்சுவர் சதுரம். இப்படி ஒன்றை நம் பக்கத்தில் எளிதில் பார்க்க முடியாது. சாத்தன் பூதி என்பவர் கட்டி, மழையில் சிதைந்ததை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. எதிரே குகைக்குள் ஆளுயரத்தில் 12 திருமால் சிலைகள் வரிசையாக நிற்கும். அந்த நேரத்தில் மலையில் ஆடு மேய்க்கிறவர்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். பிள்ளைகள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சுற்றலாம்.

அடுத்து சித்தன்னவாசல். இங்கே அவசரப்படுத்தாதே. அறிவர் கோவில் என்ற சமணக் குடைவரையின் விதானத்தை அண்ணாந்து பார்த்தால் ஒரு தாமரைக் குளம். முதலில் கறையும் பச்சையுமாகத்தான் தெரியும். கண் பழகப் பழக மீன் தெரியும், வாத்து தெரியும், எருமை தெரியும், யானை தெரியும், பூப் பறிக்கும் ஒருவரின் கை தெரியும். ஆயிரம் வருடத்துக்கும் மேலான ஓவியம். எவ்வளவோ உதிர்ந்துவிட்டது. மிச்சமிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். கருவறைக்குள் நின்று மெல்ல 'ம்ம்' என்று ரீங்காரம் இடச் சொல், அறை முழுக்க அதிரும். சின்னவன் வெளியே வரமாட்டான் பார். மலையின் மறுபக்கம் ஏழடிப்பட்டம் என்ற குகை. சமணத் துறவிகள் படுத்த 17 கல் படுக்கைகள், தலை வைக்கும் இடம் மட்டும் மேடாகச் செதுக்கியவை. ஒரு படுக்கையில் தமிழ்ப் பிராமி என்ற பழைய எழுத்து உண்டு. கைப்பிடிக் கம்பி காய்வதற்குள் அங்கே ஏறி இறங்கிவிடுவது நல்லது.

உச்சி வெயிலுக்குப் புதுக்கோட்டை. சாப்பாடு முடித்துவிட்டுத் திருக்கோகர்ணம் மியூசியத்தில் உட்காரலாம், 1910-இல் தொடங்கியது. 1948 வரை புதுக்கோட்டை தனி சமஸ்தானம், அம்மன் காசு என்று சொந்தமாகக் காசு அடித்த ஊர் என்பதைப் பெரியவளிடம் சொல்லி வை. அவளுக்குச் சரித்திரம் பிடிக்கும்.

நாலு மணிக்குத் திருமயம் கோட்டை. 1687-இல் ராமநாதபுரம் சேதுபதி மன்னர் கட்டியது. பாதி வழியில் இரும்பு ஏணி ஏறினால் பாறையைக் குடைந்த அறையில் சிவலிங்கம், உச்சியில் பீரங்கி. மே மாதத்திலும் மேலே காற்று அள்ளும். கீழே ஒரே பாறையில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடைவரைக் கோயில்கள். அந்தப் பள்ளிகொண்ட பெருமாளை அம்மா பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்கிறாள். அவளுக்குப் படி ஏற முடியாது, கீழே இருக்கும் கோயில் போதும்.

திரும்பும் வழியில் ஆதனக்கோட்டை. முந்திரிக்கொட்டையை ஓட்டோடு சட்டியில் போட்டு வறுப்பார்கள், ஓட்டு எண்ணெய் கசிந்து குப்பென்று தீப்பிடிக்கும். ஆறவைத்துக் கட்டையால் பதமாகத் தட்டி, பருப்பு உடையாமல் எடுப்பார்கள். அந்தக் கருகல் வாசனை கடையில் வாங்கும் பாக்கெட்டில் வராது. பேரம் பேசாமல் வாங்கு. அந்தப் பெண்கள் நாள் முழுக்கப் புகையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் மியூசியம் லீவு, அதைப் பார்த்து டிக்கெட் போடு. பிள்ளைகளுக்குத் தொப்பியும் பருத்திச் சட்டையும் எடுத்து வா. தண்ணீருக்கும் நுங்குக்கும் நான் பொறுப்பு.

அன்புடன்,
அண்ணன்