குளச்சல் வீரனுக்கும் ஓர் உலோக உருவம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்டு மாதம் வந்தால் நம் கன்னியாகுமரி மாவட்டச் செய்திகளில் குளச்சல் வெற்றித்தூணின் படம் வந்துவிடும். 1741-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர்ப் படை இங்கே தோற்கடித்தது என்று தூண் சொல்கிறது. தோற்கடித்தவர்கள் எப்படி இருந்தார்கள், என்ன உடுத்தியிருந்தார்கள், கையில் என்ன வைத்திருந்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் காட்டுவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?

சரக்குக் கப்பலின் இன்ஜின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கரையிறங்கும் ஊர்களில் கூட வந்தவர்கள் சென்ட்டும் டேப் ரெக்கார்டரும் வாங்கினார்கள். நான் உலோகப் போர்வீரர் உருவங்களைத் தேடி அலைந்தேன். 54 மில்லிமீட்டர் உயரம்தான். அதற்குள் தொப்பி இறகு, துப்பாக்கி வார், எந்த ரெஜிமென்ட் என்று காட்டும் காலர் நிறம், பித்தளைப் பொத்தான் எல்லாம் கையாலேயே தீட்டப்பட்டிருக்கும். லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893-இல் உள்கூடான வார்ப்பு முறையைக் கொண்டுவந்த பிறகே இவை சாதாரண வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. ஈயக் கலவையை அச்சில் ஊற்றுவார்கள். அச்சை ஒட்டிய பகுதி உறைந்ததும், நடுவில் இன்னும் உருகியிருப்பதைக் கவிழ்த்து வெளியே எடுத்துவிடுவார்கள். உலோகமும் மிச்சம், எடையும் குறைவு, விலையும் மலிவு.

என் அலமாரியில் நெப்போலியனின் காவல்படையினர் கரடித்தோல் தொப்பியோடு நிற்கிறார்கள். வாட்டர்லூவில் அவர்களை எதிர்த்த சிவப்புக் கோட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். வங்காள ஈட்டிக் குதிரைப்படையும் உண்டு. 1809-இல் ஆரல்வாய்மொழி அரண்மேல் ஏறி வந்த ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் காலத்து வெள்ளைக்காரச் சிப்பாய்களைக்கூட வாங்க முடிந்தது. அவர்களுக்கு எதிரே நின்ற, திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாயின் ஆட்களில் ஒருவனைக்கூட நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. குளச்சலில் நின்றவர்களும் இல்லை. இது எனக்குப் பெரிய வருத்தம்.

இவ்வளவுக்கும் இது உலோகம் வார்த்த மண். குளச்சலில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய், பின்னர் திருவிதாங்கூரின் 'வலிய கப்பித்தான்' (பெரிய படைத்தலைவர்) ஆகி நம் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலை இருந்தது. 1777-இல் இறந்த அவரது கல்லறை அதே கோட்டைக்குள், லத்தீனிலும் தமிழிலும் எழுதிய கல்லோடு இன்றும் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையில் அவர் சரணடையும் ஓவியமும் உண்டு.

வேலைக்குத் தேவையான கைகளும் இங்கேயே இருக்கின்றன. மூல உருவத்தை மயிலாடிச் சிற்பிகள் செதுக்குவார்கள். வடசேரியில் கோயில் நகைக்குக் கெம்புக்கல் பதிக்கிறவர்களுக்கு இரண்டு மில்லிமீட்டர் முகத்தில் கண் எழுதுவது கஷ்டமே இல்லை. அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகாரும் அரசு அருங்காட்சியகமும் சேர்ந்து இதைக் கையிலெடுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. முதலில் குளச்சல் கடற்கரைக் காட்சி ஒன்றைக் கன்னியாகுமரி அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அமைக்கலாம். பனந்தடிகளை வண்டியில் ஏற்றிப் பீரங்கிபோலக் காட்டினார்கள், மீனவர்களான முக்குவர்கள் துடுப்பைத் துப்பாக்கிபோலத் தோளில் சாய்த்து நின்றார்கள் என்று குளச்சலில் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கதையை, வாய்வழிக் கதை என்ற குறிப்போடு, பெட்டியின் ஓர் ஓரத்தில் காட்டினால் எந்தப் பிள்ளையும் அதை விட்டு நகராது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். உடையின் நிறத்தை ஊகத்தில் பூசக் கூடாது. ஆவணங்களையும் பழைய படங்களையும் வரலாற்றுத் துறையினர் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் தூரிகையை எடுக்க வேண்டும். சினிமா ராஜா உடையைப் போட்டுவிட்டால் அது குளச்சல் வீரன் ஆகாது.

பராமரிப்பும் லேசல்ல. நம் ஊரில் ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு; போதாததற்கு உப்புக் காற்று. ஈய உருவங்களை மர அலமாரியிலோ அட்டைப்பெட்டியிலோ அடைத்தால், அவற்றிலிருந்து கசியும் அமில ஆவி பட்டு வெள்ளைப் பொடி பூக்கும். பிறகு உருவமே அரித்துப் போகும். இரும்புச் சட்டமிட்ட கண்ணாடிப் பெட்டியும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் அவசியம். புதிதாக வார்ப்பதை ஈயம் கலக்காத வெள்ளீயக் கலவையில் வார்க்க வேண்டும். பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கும் பொருள் அது. முனை கூராகட்டும் என்று தூரிகையை வாயில் வைக்கும் பழக்கத்தையும் பயிற்சியின் முதல் நாளே நிறுத்திவிட வேண்டும்.

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் சிப்பி மாலையும் வண்ண மணலும் வாங்கிப் போகிறார்கள். அவற்றோடு, திருவிதாங்கூர் வீரன் ஒருவனும் பெயர்ச்சீட்டோடு கடைகளில் நிற்கட்டும். 2041-இல் குளச்சல் போருக்கு முந்நூறு ஆண்டு நிறைகிறது. இப்போது தொடங்கினால் ஆராய்ச்சிக்கும் அச்சு செய்வதற்கும் பயிற்சிக்கும் போதுமான காலம் இருக்கிறது. வார்ப்பிலிருந்து எடுத்த உருவத்தை அரத்தால் தேய்ப்பது, சோப்புத் தண்ணீரில் கழுவி அடிப்பூச்சு கொடுப்பது, வண்ணத்தை நீர்க்கக் கலந்து இரண்டு மூன்று தடவை ஏற்றுவது, இவ்வளவையும் விரும்பும் இளைஞர்களுக்குக் கூலி வாங்காமல் கற்றுத்தர நான் தயார். என் சேகரிப்பையும் மாதிரிக்காக அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பணியாளர் ஒருவர்,
தக்கலை.