ஓடும் சைக்கிளில் கையில் போன் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சைக்கிளில் போகும்போது படமும் வீடியோவும் எடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த கேமரா வாங்கலாம், டர்பன் கடற்கரையில் எந்த நேரத்து வெயில் நல்லது என்பதெல்லாம் சரி. நடுவில் ஒரு வரி இருக்கிறது: "ஹேண்டில்பாரில் ஒரு கை இருந்தால் சட்டப்படி போதும், மறு கையில் போனைப் பிடித்துக்கொள்ளுங்கள்." இந்த வரி உங்கள் கண்ணைத் தாண்டி எப்படி அச்சுக்குப் போனது என்று எனக்குப் புரியவில்லை.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. சைக்கிள் ஓட்டுகிறவர் ஒரு கையாவது ஹேண்டில்பாரில் வைத்திருக்க வேண்டும் என்று நம் தென்னாப்பிரிக்கச் சாலைப் போக்குவரத்து விதிகளில் 311ஆம் விதி சொல்வது உண்மைதான். திரும்பும்போது சைகை காட்ட ஒரு கை வேண்டுமே, அதற்குத்தான் அந்தச் சலுகை. அதே விதிகளில் 308ஏ, வண்டி ஓட்டும்போது செல்பேசியைக் கையில் பிடிக்கவே கூடாது என்கிறது. அது கார்க்காரர்களுக்கு மட்டும் என்று உங்கள் கட்டுரையாளர் நினைத்துவிட்டார் போலிருக்கிறது. 1996ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் சைக்கிள் ஓட்டுகிறவரும் ஓட்டுநர்தான். ஒரு விதியைப் படித்து, மூன்று விதி முன்னால் இருப்பதைப் படிக்காமல் வாசகருக்கு யோசனை சொல்லலாமா?

சட்டத்தை விடுங்கள். ஒரு கை போனால் ஒரு பிரேக்கும் போகிறது. முன் பிரேக்கை மட்டும் பதறிப் பிடித்தால் ஆள் தலைகுப்புற விழக்கூடும், பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் சக்கரம் சறுக்கும். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும் சைக்கிள் ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் கடக்கிறது. திரையில் முகம் சரியாக விழுகிறதா என்று இரண்டு நொடி பார்த்தால் 11 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போன மாதிரி.

அந்த 11 மீட்டருக்குள்தான் என் மனைவி நடந்துகொண்டிருந்தாள். கடற்கரை நடைபாதையில், ஒரு சாயங்காலம். குழந்தைகள், ஓடுகிறவர்கள், ஸ்கேட்டிங் பிள்ளைகள், வயதானவர்கள் எல்லாருக்கும் அந்த ஒரே பாதைதான் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பையன் கையை நீட்டித் தன்னையே வீடியோ எடுத்துக்கொண்டு வந்து பின்னாலிருந்து மோதினான். அவளுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவள் கீழே கிடக்கும்போது அவன் முதலில் குனிந்து எடுத்தது தன் போனை. இன்றும் அவளால் தோசைக்கல்லை அந்தக் கையால் தூக்க முடிவதில்லை. உங்கள் கட்டுரையை அவள்தான் எனக்கு முதலில் காட்டினாள்.

படமே எடுக்காதே என்று சொல்கிற ஆள் இல்லை நான். சாட்ஸ்வொர்த்தில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று படம் எடுத்துப் பிள்ளைகளை வளர்த்தவன். சைக்கிளும் இன்றுவரை ஓட்டுகிறேன். கையில் பிடித்து ஓட்டியபடியே எடுத்தால் படத்தில் 'உயிர்' வரும் என்கிறார் கட்டுரையாளர். வருவது ஆட்டம். சின்ன கேமராவை நெஞ்சுப் பட்டையில் மாட்டினால் சாலையின் அதிர்வில் ஒரு பங்கை உடம்பே வாங்கிக்கொள்ளும், இரண்டு கையும் சும்மா இருக்கும். மாலை வெளிச்சம் மங்கினால் கேமராவின் எந்த ஆட்டத்தடுப்பு வசதியும் அவ்வளவாக உதவாது, இறங்கி நின்று எடுக்க வேண்டியதுதான். இன்னோர் இடத்தில் போனை ஹேண்டில்பாரில் இறுக்கி மாட்டச் சொல்கிறாரே, மோட்டார் சைக்கிளின் பலத்த அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. சைக்கிளில் அவ்வளவு அதிர்வு இல்லை, சரி. ஆனாலும் அதிர்வு தாங்கும் பிடிப்பான் வேண்டும் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே.

இது உங்கள் இதழில் புதிதாக வந்த கவனக்குறைவும் இல்லை. தைப்பூச இதழின் அட்டையில் நாக்கில் அலகு குத்திய ஒரு பெண்ணின் முகத்தைப் போட்டீர்கள். ரதத்துக்குப் பக்கத்தில் சைக்கிளில் போய்க்கொண்டே எடுத்தது என்று கீழே பெருமையாக ஒரு குறிப்பு. வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடக்கிற கூட்டத்துக்குள் சைக்கிள் எப்படி நுழைந்தது? அருள் வந்து தன்னை மறந்து நிற்கிறவளிடம் யார் அனுமதி கேட்டார்கள்? விரதம் இருந்து நேர்த்திக்கடன் செலுத்த வந்தவள், அட்டைப்படத்துக்கு வந்தவள் அல்லவே. டர்பன் கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயத்தில் ஈஸ்டர் வெள்ளிக்கிழமை தீமிதியின்போது போனைத் தூக்கிக்கொண்டு குழிக்கு வரும் வழியை மறிப்பவர்களைப் பற்றியும் உங்களுக்கு எழுதினேன். அந்தக் கடிதம் இதழில் வரவே இல்லை. அதே தீமிதியில் நான் எடுத்த படம் மட்டும் வந்தது, என் பெயர் இல்லாமல். அப்போதும் நான் எதுவும் கேட்கவில்லை, நம் பத்திரிகைதானே என்று இருந்துவிட்டேன். தென்னாப்பிரிக்காவில் தமிழில் வருகிற இதழைத் தேடிப் பிடித்துப் படிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அந்தக் கொஞ்சம் பேரும் நீங்கள் அச்சடித்தால் அது உண்மை என்று நம்புகிறவர்கள். அவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள்தான் சனி, ஞாயிறுகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகிறார்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். அந்த வரி தவறு, ஓடும் சைக்கிளில் செல்பேசியைக் கையில் பிடிப்பது 308ஏ விதிப்படி குற்றம் என்று அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் போடுங்கள். இடம் போதாது என்றால் இந்தக் கடிதத்தை விட்டுவிட்டு அந்த இரண்டு வரியை மட்டும் போட்டாலும் எனக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.