புல்லட் கடல் கடப்பது பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராயல் என்ஃபீல்டு நிறுவனம் வெளிநாடுகளில் தன் மோட்டார் சைக்கிள்களை அசெம்பிள் செய்யும் ஆலைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கி வருவதைப் பற்றி எங்கள் பகுதியில் பேச்சு எழும்போதெல்லாம், "நம்ம ஊர் வண்டியை அயல்நாட்டுக்காரன் கையில் கொடுக்கிறார்களே" என்று யாராவது ஒருவர் ஆதங்கப்படுகிறார். திருவொற்றியூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் லேத் பட்டறை நடத்தியவன் என்ற முறையில் அந்த ஆதங்கத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால், நாம் அஞ்ச வேண்டிய இடம் வேறு என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில், இந்த வண்டி பிறந்த ஊர் நம்முடையது அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1901-ல் முதல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் உருவானது. புல்லட் என்ற பெயர் 1932-ல் வந்தது. இந்திய ராணுவத்துக்கு எல்லைக் காவல் பணிக்கு அந்த வண்டி பிடித்துப்போனதால், ரெட்டிச் நிறுவனமும் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ஆரம்பத்தில் பாகங்கள் பெட்டிகளில் கப்பலேறி வந்தன. அவற்றைப் பொருத்துவது மட்டுமே திருவொற்றியூர் ஆலையின் வேலை. 1957-ல் பாகங்களைச் செய்வதற்கான கருவிகளும் அச்சுகளும் இங்கு வந்து சேர்ந்த பிறகுதான் உண்மையான உற்பத்தி தொடங்கியது. 1962 வாக்கில் வண்டி முழுவதும் இங்கேயே தயாரானது. அந்த நாட்களில் ரெட்டிச் தொழிலாளி ஒருவர் தன் ஊர்ப் பத்திரிகைக்கு இதே ஆதங்கத்தோடு கடிதம் எழுதியிருந்தால், அவர் குறிப்பிட்டிருக்கக்கூடிய அயல்நாட்டுக்காரர் எங்கள் தெருவில் குடியிருந்த ஃபிட்டர்தான்.

ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. இங்கிலாந்தின் இன்னொரு ஊரான பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவனில் எஞ்சியிருந்த உற்பத்தியும் 1970-ல் நின்றது. மெட்ராஸுக்குக் கொடுத்ததால்தான் ரெட்டிச் அழிந்தது என்று சிலர் கருதக்கூடும். காலக்கணக்கு அதற்கு இடம் தரவில்லை. இங்கே தயாரான புல்லட் இந்தியச் சாலைகளில்தான் ஓடியது. அது இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது 1977-ல், அதாவது அங்கே கடைசி ஆலையும் மூடப்பட்டு ஏழு ஆண்டுகள் கழித்து. ஜப்பானிய நிறுவனங்கள் மின்சார ஸ்டார்ட்டரும் எண்ணெய் கசியாத எஞ்சினுமாகச் சந்தைக்கு வந்தபோது, பழைய இயந்திரங்களையும் பழைய வரைபடங்களையும் வைத்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஆலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. ரெட்டிச்சை வீழ்த்தியது சொந்த ஊரில் புதிய பொறியியல் நின்றுபோனதுதான்.

இனி இன்றைய நிலைமைக்கு வருகிறேன். 2020-ல் அர்ஜென்டினாவிலும், 2022-ல் பிரேசிலின் மனாஸ் நகரிலும், 2024-ல் வங்கதேசத்திலும் ராயல் என்ஃபீல்டு வண்டிகள் அசெம்பிள் செய்யப்படத் தொடங்கின. இவை தவிர கொலம்பியா, தாய்லாந்து, நேபாளம் ஆகிய நாடுகளிலும் அந்த ஏற்பாடு உண்டு. இதன் காரணம் எளிமையானது. முழு வண்டியாக இறக்குமதி செய்தால் பல நாடுகள் கடுமையான வரி விதிக்கின்றன. பாகங்களாகக் கொண்டுவந்து உள்ளூரில் பொருத்தினால் வரி கணிசமாகக் குறைகிறது. நம் அரசும் அயல்நாட்டு வண்டிகள் விஷயத்தில் இதே வழியைத்தான் பின்பற்றுகிறது. அந்தப் பெட்டிகளில் போகும் எஞ்சின் இங்கே வார்க்கப்பட்டு, இங்கே கடையப்பட்டு, இங்கே சோதிக்கப்பட்டது. ஆகவே மனாஸில் விற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் நிறுவனத்தின் ஆலைகள் உள்ள ஒரகடத்திலோ வல்லம் வடகாலிலோ யாரோ ஒருவருக்கு வேலை கிடைக்கிறது. 2024-25 நிதியாண்டில் நிறுவனத்தின் மொத்த விற்பனை பத்து லட்சத்தைத் தாண்டியது. அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வெளிநாடுகளுக்குப் போனது.

இதோடு ஹார்லி-டேவிட்சன் கதையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் அமெரிக்க மோட்டார் சைக்கிள்கள் மீதான வரியை 6 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாக உயர்த்தியபோது, ஐரோப்பாவுக்கான உற்பத்தியை அமெரிக்காவுக்கு வெளியே மாற்றப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. அதிபர் டிரம்ப் வெளிப்படையாகவே சீறினார். தாய்லாந்தில் புதிய ஆலை தொடங்கிய காலத்திலேயே, கான்சாஸ் சிட்டி ஆலை 2019-ல் மூடப்பட்டது. அங்கு வேலை இழந்தவர்களின் கோபம் நியாயமானது என்றே கருதுகிறேன், ஏனென்றால் அயலூரில் ஒரு கதவு திறந்தபோது அவர்கள் ஊரில் ஒரு கதவு சாத்தப்பட்டது. நம் நிலைமை இன்று அப்படி இல்லை. (திருவொற்றியூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வருத்தம் உண்டு: 2013-ல் ஒரகடம் ஆலை தொடங்கி வேலையின் பெரும்பகுதி அங்கே போனபோது, எங்களுக்கு ஒரகடமே வெளியூராகத்தான் இருந்தது.)

என்னை உண்மையில் கவலைகொள்ளச் செய்பவை இரண்டு. முதலாவது, சிறு பட்டறைகளின் நிலை. உள்ளூர்ப் பாகங்களின் விகிதத்தைக் கூட்ட வேண்டும் என்று நாளை ஏதாவது ஒரு நாடு நிபந்தனை விதித்தால், எஞ்சின் உடனே இடம் மாறாது. சைடு ஸ்டாண்டு, சீட், கேபிள், பிராக்கெட், ஃபுட்ரெஸ்ட் போன்ற எளிய பாகங்கள்தான் முதலில் கைமாறும். அவற்றைச் செய்துகொடுப்பவை அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் ஐந்து பேர், பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைகள். வேறொரு தொழிலைச் சேர்ந்த ஒரு நிறுவனத்துக்கு நான் பல ஆண்டுகள் பின், புஷ் போன்ற சிறு உலோகப் பாகங்களைக் கடைந்து கொடுத்தேன். ஒரு திங்கட்கிழமை, அந்த வாரத்திலிருந்து ஆர்டர் இல்லை என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். கடன் வாங்கிப் போட்ட இயந்திரத்துக்குத் தவணை கட்ட வேண்டியிருந்தது. ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பினேன். அவர்களில் இருவர் அதன்பின் லேத் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வண்டியைப் பொருத்தும் வேலையைச் சில மாதங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஒரு டையை, அதாவது பாகங்களுக்கு வடிவம் தரும் அச்சை, குறையின்றிச் செய்யும் கை உருவாக ஆண்டுகள் வேண்டும், கலைந்துபோனால் மீண்டும் கூடுவதும் கடினம். சில மாடல்களின் பெட்ரோல் டேங்கில் பொன்னிறக் கோட்டைத் தூரிகையால் கையாலேயே இழுக்கும் கலைஞர்களைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். கண்ணுக்குத் தெரியாத புஷ்ஷைக் கடைபவரின் கைக்கும் அந்த மதிப்பு உண்டு.

இரண்டாவது கவலை மின்சார வண்டி. ஃப்ளையிங் ஃப்ளீ என்ற பெயரில் தன் மின்சார மோட்டார் சைக்கிளை நிறுவனம் 2024 நவம்பரில் மிலான் நகரில் அறிமுகப்படுத்தியது. ஸ்பெயின் நாட்டின் ஸ்டார்க் ஃபியூச்சர் நிறுவனத்தில் முதலீடும் செய்திருக்கிறது. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷரில் 2017-லிருந்து அதற்கு ஒரு தொழில்நுட்ப மையம் இருக்கிறது, சென்னையிலும் இருக்கிறது. இந்தக் கூட்டுமுயற்சிகளைக் குறை சொல்ல மாட்டேன். 2018-ல் வந்த 650 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சின், இரு நாட்டுப் பொறியாளர்களும் சேர்ந்து உழைத்ததால் கிடைத்தது. ஆனால் மின்சார வண்டியில் பிஸ்டன் இல்லை, கிராங்க் இல்லை, கியர்பாக்ஸுக்குக்கூடப் பெரிதாக வேலை இல்லை. அறுபது ஆண்டுகளாக இந்தக் கடற்கரையில் சேர்ந்த திறமையின் பெரும்பகுதி அந்த வண்டிக்குத் தேவைப்படாது. மோட்டாரும் அதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரும் பேட்டரியின் மென்பொருளும் எந்த ஊரில் வரையப்பட்டு, எந்த ஊரில் செய்யப்படுகின்றனவோ, அடுத்த அறுபது ஆண்டுகள் அந்த ஊருடையவை. ரெட்டிச் தவறவிட்ட கட்டம் இதுதான்.

ஆகவே, தங்கள் நாளிதழ் வாயிலாக மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். வெளிநாட்டு ஆலைகளுக்குப் போகும் ஒவ்வொரு பெட்டியிலும் தமிழ்நாட்டில் செய்த பாகங்களின் பங்கு எவ்வளவு என்பதை நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஒரு பாகத்தின் ஆர்டர் வேறு நாட்டுக்கு மாறப்போகிறது என்றால், அதைச் செய்துவந்த பட்டறைக்குக் குறைந்தது ஈராண்டு முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். நிலமும் சலுகையும் தரும் தமிழக அரசு, ஐடிஐ மாணவர்களுக்கும் சிறு பட்டறைத் தொழிலாளர்களுக்கும் மின்சார மோட்டார், கன்ட்ரோலர் தயாரிப்பில் பயிற்சி அளிப்பதையும் அச்சலுகைகளின் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது வேண்டுகோளை இந்த ஆண்டே எடுத்துக்கொள்வது நல்லது. என்னிடம் கடைசியாகத் தொழில் பழகிய பையனுக்கு இப்போது இருபத்தாறு வயது. அடுத்து எதைக் கற்றுக்கொள்வது என்று அவன் கேட்கிறான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருவொற்றியூர், சென்னை.